நாலு பேர் கதைக்க, மிச்சப் பேர் கூரையைப் பார்க்க: இளைஞர் குழு நடத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் ஒரு இளைஞர் குழுவை 9 வருடமாக நடத்தி வருகிறேன். 15 முதல் 22 வயது வரை, ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது பேர் வருவார்கள். கொட்டாஞ்சேனை, தெஹிவளை, வத்தளைப் பக்கம் புதிதாகக் குழு தொடங்கியவர்களும், அறநெறி வகுப்பு நடத்துபவர்களும், தேவாலய இளைஞர் ஒன்றியத்துக்குப் பொறுப்பானவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: "நாலு பேர்தான் கதைக்கினம், மற்றவர்களை என்ன செய்யிறது?" அதை அவர்கள் வெவ்வேறு விதமாகக் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன்.

சிலர் பேசாமல் இருந்தால்தான் என்ன? அது அவர்களுடைய சுபாவம் இல்லையா?

சுபாவம் என்றால் ஒன்றும் செய்யத் தேவையில்லை. கேட்டுக்கொண்டிருப்பதற்கென்றே வருகிற பிள்ளைகள் உண்டு. இரண்டு மணித்தியாலம் ஒரு சொல் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த கிழமையும் முதல் ஆளாக வந்து கதிரை அடுக்குவார்கள். அவர்களை அப்படியே விடுங்கள்.

நான் கவனிப்பது மாடிப்படியை. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அந்தப் பிள்ளை பக்கத்தில் வருபவரிடம் "எனக்கெண்டா அது சரியாப் படேல்ல" என்று தொடங்கினால், அந்தப் பேச்சு மேலே நடந்திருக்க வேண்டியது. நடக்கவிடாமல் ஏதோ ஒன்று தடுத்திருக்கிறது. அதைத் தேட வேண்டியது குழு நடத்துகிறவரின் வேலை, பிள்ளையின் வேலையில்லை. எங்கள் குழுவின் நல்ல யோசனைகளில் பாதியையாவது நான் படியில்தான் கேட்டிருப்பேன்.

சரி, ஏன் பேசமாட்டேன் என்கிறார்கள்?

கூச்சம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். கொழும்பில் அந்தச் சொல்லுக்குள் பல விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன.

நாங்கள் பேச்சை மேடையோடு சேர்த்தே பழகியவர்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ்த்தினப் போட்டி, கோயிலில் பேச்சுப் போட்டி, விழா என்றால் பட்டிமன்றம். "நல்லாப் பேசுவான்" என்றால் திணறாமல், மனப்பாடமாக, கைதட்டு வாங்கும்படி பேசுவான் என்று அர்த்தம். வட்டமாக இருந்து ஒரு அரைகுறை யோசனையைச் சொல்லிப் பார்ப்பதற்கும் பிள்ளைகள் அதே அளவுகோலைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பரிசு கிடைக்காது என்று தெரிந்தால் வாயே திறப்பதில்லை.

அடுத்தது வீடு. 1983 ஜூலைக் கலவரத்தைக் கண்ட அம்மம்மா இருக்கிறார். சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டியபடி வேலைக்குப் போய்வந்த அப்பா இருக்கிறார். பஸ்ஸில் பிள்ளை தமிழில் சத்தமாகக் கதைத்தால் கையைப் பிடித்து அமுக்கிய அம்மா இருக்கிறார். போர் 2009இல் முடிந்தபோது என் குழுப் பிள்ளைகள் சிலர் பிறக்கவே இல்லை, மற்றவர்கள் சின்னக் குழந்தைகள். ஆனாலும் அந்தக் கை அமுக்கல் அவர்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. "வெளியில போய் வாயைக் குடுக்காத" என்று சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளையிடம் "தைரியமாகச் சொல்லுங்கள் பார்ப்போம்" என்றால் அது எந்தப் பேச்சைக் கேட்கும்? வீட்டைப் பழிக்க மாட்டேன். அந்த எச்சரிக்கை உயிர் காத்த காலமும் இருந்தது.

பிறகு வயது. பெரிய அண்ணாமார் இருக்கும்போது சின்னவர்கள் கருத்துச் சொல்வது மரியாதைக் குறைவு என்ற எண்ணம். அப்புறம், யாரும் கவனிக்காத ஒன்று: களைப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து இரண்டு டியூஷன் வகுப்பு முடித்துவிட்டு வருகிறார்கள். முதலில் ஒரு ரோல்ஸும் பிளேன்டீயும் கொடுங்கள். மீதியை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

கேள்வி கேட்டால் மயான அமைதி. அந்த நேரத்தில் என்ன செய்வது?

ஒன்றும் செய்யாதீர்கள். இதைச் சொல்வது சுலபம், செய்வது கடினம் என்று எனக்கும் தெரியும். ஒருமுறை எங்கள் கூட்டத்தை ஃபோனில் பதிந்து வீட்டில் போய்க் கேட்டேன். கேள்வியைக் கேட்டு, அவர்கள் மூச்சு விடுமுன்னரே நானே பதிலையும் சொல்லியிருந்தேன். ஒருமுறை இல்லை, அன்று முழுக்க அப்படித்தான்.

மேரி பட் ரோவ் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறைப் பதிவுகளை வைத்து இதையே அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்ட பிறகு காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு செக்கன் அளவுதான். அதை மூன்று செக்கனுக்கு நீட்டியபோது பதில்கள் நீண்டன, "தெரியாது" என்பது குறைந்தது, வழமையாக வாய் திறக்காத மாணவர்களும் பேசினார்கள். மூன்று செக்கன் என்பது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். நின்று பாருங்கள், ஒரு யுகம் போல இருக்கும். நான் கேள்வி கேட்டதும் பிளேன்டீக் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடிப்பேன். வாயில் தேநீர் இருக்கும்போது பேச முடியாது, அவ்வளவுதான் தந்திரம்.

கேள்வியையும் பாருங்கள். "இன்றைய இளைஞர் எதிர்நோக்கும் சவால்கள் யாவை?" என்பது பரீட்சைத் தாள். அதற்குச் சரியான விடை ஒன்று எங்கோ இருக்கிறது, அது தனக்குத் தெரியாது என்று பிள்ளை நினைக்கும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எங்கள் குழுவில் வெளிநாடு போவதைப் பற்றிப் பேசாத மாதம் கிடையாது. "போவது நல்லதா கெட்டதா" என்று கேட்ட நாளில் வழக்கமான நாலு பேர் பட்டிமன்றம் நடத்திவிட்டுப் போனார்கள். இன்னொரு நாள் "உங்கள் வீட்டில் அந்தக் கதையை முதலில் எடுத்தது யார், எந்த நேரத்தில்?" என்று கேட்டேன். எல்லோரிடமும் விடை இருந்தது. அது பிழையாக இருக்கவும் முடியாது.

இருவர் இருவராகப் பேசச் சொல்வது உண்மையில் பலன் தருமா, அல்லது சும்மா பொழுதுபோக்கா?

என்னிடம் ஒரேயொரு வழி மட்டும் சொல்லக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். முதலில் தனியாக யோசிப்பது, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசுவது, அதன்பிறகு எல்லோர் முன்னும் சொல்வது. இதை 1981இல் ஃபிராங்க் லைமன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் ஒரு முறையாக எழுதிவைத்தார். நாங்கள் செய்கிற கணக்கு: ஒரு நிமிடம் மௌனம், நாலு நிமிடம் இருவராக, பிறகு வட்டம். அந்த முதல் நிமிடத்தில் யாரும் கதைக்கக்கூடாது. கதைக்கப் பழகியவர்களுக்கு அது பெரிய தண்டனை, கதைக்காதவர்களுக்குத்தான் அந்த நேரம் தேவை.

இருவராகும்போது யார் யாரோடு என்பதை அவர்களிடம் விட்டால் கூட்டாளிகள் கூட்டாளிகளோடு சேர, ஒரு பிள்ளை தனியே நிற்கும். அந்தப் பத்துச் செக்கனை அது வருடக்கணக்கில் மறக்காது. ஆகவே நானே எண் சொல்லிப் பிரிப்பேன். ஒற்றைப்படையாக வந்தால் மூன்று பேர்.

வட்டத்துக்குத் திரும்பியதும் "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்பதில்லை. "உங்களோடு இருந்தவர் சொன்னதில் எது உங்களுக்குப் பிடித்தது?" என்று கேட்பேன். மற்றவருடைய யோசனையைச் சொல்வதற்குத் தைரியம் குறைவாகவே போதும். தன்னுடைய சொல் இன்னொருவர் வாயில் மதிப்போடு வெளியே வருவதைக் கேட்ட பிள்ளை, மூன்றாம் நாலாம் தடவையில் "இல்ல, நான் சொன்னது அப்படியில்ல" என்று திருத்த எழும்பும். நான் காத்திருப்பது அந்தத் திருத்தத்துக்காகத்தான்.

பேச வைப்பதை விட எழுத வைத்தால் சுலபம் இல்லையா?

பல நேரம் ஆம். 1987இல் டீல், ஸ்ட்ரோப என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டியது இது: குழுவாகச் சேர்ந்து யோசனை சொல்பவர்களை விட, அதே எண்ணிக்கையானவர்கள் தனித்தனியாக யோசித்தால் கூடுதலான யோசனைகள் வருகின்றன. முக்கிய காரணம், ஒருவர் பேச மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருப்பது. காத்திருக்கும்போது நினைத்தது மறந்துபோகும், அல்லது "இனி என்னத்துக்கு" என்று ஆகிவிடும்.

அதற்கு முன்னரே 1960களின் கடைசியில் ஜெர்மனியில் பேர்ன்ட் ரோர்பாக் என்பவர் ஒரு வழி கண்டிருந்தார். ஆறு பேர், ஆளுக்கு ஒரு தாள், ஐந்து நிமிடத்தில் மூன்று யோசனை, பிறகு தாளைப் பக்கத்தவருக்குத் தள்ளுவது. அரை மணித்தியாலத்தில் 108 யோசனை. எங்கள் குழுவில் நாங்கள் மூன்று சுற்றோடு நிறுத்திவிடுவோம், 108 யோசனையை யார் வாசிப்பது?

ஆனால் கொழும்பில் ஒரு பள்ளம் இருக்கிறது, நான் அதில் விழுந்து எழும்பியவன். இங்கே வீட்டில் நன்றாகத் தமிழ் பேசுகிற, ஆனால் ஆங்கில மொழிமூலமோ சிங்கள மொழிமூலமோ படித்த பிள்ளைகள் நிறைய. தமிழ் எழுத்தில் அவர்களுக்குத் தடுமாற்றம். "ஆளுக்கு ஒரு வரி தமிழில் எழுதுங்கோ" என்று துண்டுக் கடதாசி கொடுத்த நாளில், ஒரு தங்கச்சி பேனை மூடியைக் கடித்தபடியே இருந்துவிட்டு வெறும் தாளை மடித்துத் தந்தார். பேசக் கூச்சப்பட்டவருக்கு உதவி செய்யப் போய், அதுவரை பேசிக்கொண்டிருந்த ஒருவரை வெட்கப்பட வைத்தேன். அன்றிலிருந்து எந்த மொழியிலும், எந்த எழுத்திலும், படமாகவும் எழுதலாம் என்பது விதி. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினாலும் வாசிப்பேன். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்காமலிருக்க, தாள்களைக் கலந்து நானே வாசிப்பேன்.

பேச்சுத் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். எப்படி நிறுத்துவது?

என்னைக் கேட்டால், நம்முடைய குழுக்களில் மௌனத்துக்கு முதல் காரணம் இதுதான். வெள்ளவத்தையில் ஒரு வட்டத்தில் யாழ்ப்பாணத் தமிழ், மட்டக்களப்புத் தமிழ், மலையகத் தமிழ், முஸ்லிம்களின் தமிழ், கொழும்பின் மூன்று மொழிக் கலவை எல்லாம் இருக்கும். ஹட்டனிலிருந்து உயர்தரம் படிக்க வந்த ஒரு தம்பி முதல் நாள் "பேசுறாங்க" என்றதும் பின்னால் ஒருவன் அதைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தான். அந்தத் தம்பி பிறகு நாலு மாதம் தலையாட்டியதோடு சரி. மலையகப் பிள்ளைகளைக் குறிக்க ஒரு சொல் உண்டு, அதை இங்கே எழுத மாட்டேன், எங்கள் மண்டபத்தில் சொல்லவும் விடுவதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற பிள்ளைக்கும் இதே நக்கல் வேறு விதமாக நடக்கும். கொழும்பிலேயே பிறந்தவருக்கோ "உனக்குத் தமிழே வராது" என்ற அடி.

பொதுவாக உபதேசம் செய்து பலன் இல்லை. அந்த இடத்திலேயே, சிரிப்பு அடங்குமுன், கோபமில்லாமல் ஒரு வரி சொல்ல வேண்டும்: "அவங்கட ஊரில அப்படித்தான் சொல்லுவாங்கள். தம்பி, நீங்க சொல்லுங்க." சொல்லிவிட்டு உடனே பேச்சை அவரிடமே திருப்புங்கள். சிரித்தவனுக்கு வகுப்பெடுக்கத் தொடங்கினால் மேடை மறுபடியும் அவனுக்கே போய்விடும். நீங்களும் மேடைத் தமிழை விடுங்கள். நடத்துபவர் "ஆகவே, அன்பார்ந்தவர்களே" என்று தொடங்கினால் மற்றவர்களும் அந்த உயரத்துக்கு ஏறத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆங்கிலமோ சிங்களமோ கலந்தால்? கலக்கட்டும். விளங்காதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் சொல்லட்டும். தமிழ் வளர்ப்பது நல்ல வேலை, ஆனால் அதற்கு வேறு நாள் வைத்துக்கொள்ளலாம். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில்தான் இருக்கிறது.

வட்டமாக ஒவ்வொருவராகச் சொல்ல வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் கடைசியில் இருப்பவரின் நிலையை யோசியுங்கள். தன் முறை வரும்வரை யார் சொல்வதும் காதில் விழாது, நெஞ்சு அடிப்பதுதான் கேட்கும். ஆகவே "பாஸ்" சொல்ல உரிமை வேண்டும். முதல் சுற்றிலேயே நானோ, நன்றாகப் பேசுகிற ஒருவரோ வேண்டுமென்றே "பாஸ்" சொல்லிவிடுவோம். அதன் பிறகு அதைச் சொல்வது தோல்வி போலத் தெரியாது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன?

திடீரென்று கூப்பிடாதீர்கள். முன்கூட்டியே சொல்லிவைத்துக் கூப்பிடலாம். தேநீர் நேரத்தில் "நீங்க அந்தப் பஸ் கதையைச் சொன்னீங்களே, அது நல்லா இருந்தது. அந்த இடம் வரும்போது கேட்கட்டா?" என்று கேட்பேன். பெரும்பாலும் "ஓம்" வரும். "வேண்டாம்" என்றால் அத்தோடு விட வேண்டும், அடுத்த கிழமையும் அதையே பிடித்துத் தொங்கக்கூடாது. முதல் தடவை பேசியதும் எல்லோரும் கைதட்டுவது போன்ற அநியாயம் வேறில்லை. அவர் இத்தனை நாள் பேசவில்லை என்பதை ஊருக்கே அறிவிக்கிற வேலை அது. சொன்ன விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள், போதும்.

ஒரே ஆள் முழு நேரமும் கதைக்கிறார். அவரை எப்படி அடக்குவது?

அடக்காதீர்கள், அவருக்கு வேலை கொடுங்கள். எங்கள் குழுவில் அப்படி ஒரு தம்பி இருந்தார், மழை போலப் பொழிவார். அவரிடம் கொப்பியைக் கொடுத்து, மற்றவர்கள் சொல்வதை எழுதிக் கடைசியில் தொகுத்துச் சொல்லச் சொன்னோம். எழுத வேண்டுமென்றால் கேட்க வேண்டும். மூன்று கிழமையில் அவரே "இன்னும் ரெண்டு பேர் ஒண்டும் சொல்லேல்ல" என்று நினைவூட்டத் தொடங்கினார்.

இன்னொரு வழி: ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை. பேசும்போது ஒன்றை நடுவில் போட வேண்டும், முடிந்தால் முடிந்ததுதான். விளையாட்டாக இருக்கும், சண்டையும் வராது. சோழியும் சரிதான். அதிகம் கதைக்கிற ஆள் குழு நடத்துகிறவர்தான் என்றால் (அடிக்கடி அப்படித்தான்) அவருக்கும் மூன்றே மூன்று.

பெண்பிள்ளைகள் பேசுவது குறைவு. ஏன்?

எங்கள் குழுவில் காரணம் கடிகாரத்தில் இருந்தது. கூட்டம் 4.30க்குத் தொடங்கி 6.30க்கு முடியும். முதல் ஒரு மணித்தியாலம் நானும் அண்ணாமாரும். பேச்சு சூடுபிடிக்கும்போது மணி ஆறு. இருட்டுமுன் வீட்டுக்குப் போகச் சொல்லி ஃபோன் வரும், கொட்டாஞ்சேனைக்குப் போகிற பிள்ளைகள் பையைத் தூக்குவார்கள். மிஞ்சி இருப்பது பொடியன்கள். கூட்டத்தை 3 மணிக்கு மாற்றி, இருவர் பேச்சை முதல் அரை மணித்தியாலத்துக்குள் கொண்டுவந்தோம். வேறு ஒன்றும் செய்யவில்லை.

சில விஷயங்களைப் பெண்கள் தனியாக இருந்து பேச விரும்புவார்கள். அதற்கு ஒரு அக்கா பொறுப்பாக இருந்தால் நல்லது, நான் வெளியே போய் இருப்பேன்.

வாட்ஸ்அப் குழுவில் பேச விட்டால் என்ன?

நேரில் வாய் திறக்காத சிலர் அங்கே குரல் பதிவு போட்டு அசத்துவார்கள், உண்மை. ஆனால் எழுதியதை யாரும் படமெடுத்து வேறு இடத்துக்கு அனுப்பலாம் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அடுத்த கிழமைக்கான கேள்வியை வியாழக்கிழமை அங்கே போட்டுவிடுவதோடு நான் நிறுத்திக்கொள்வேன். யோசிக்க மூன்று நாள் கிடைக்கும்.

பெற்றோரும் கோயில் நிர்வாகத்தினரும் பின்னால் வந்து இருக்கிறார்கள். பரவாயில்லையா?

பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பெரியவர்கள் இருப்பது தேவைதான். கதவைத் திறந்துவைத்து, பார்வைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். காதுக்கு எட்டும் தூரம் வேண்டாம். ஒரு பெரியவர் "சின்னதுகளிட்ட என்னத்தைக் கேக்கிறது?" என்று என்னிடமே கேட்டார். தன்னைப் பாதிக்கிற விஷயங்களில் கருத்துச் சொல்லவும், அதற்கு உரிய மதிப்புப் பெறவும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்று ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை சொல்கிறது, இலங்கை 1991இலேயே அதை ஏற்று உறுதிப்படுத்தியது என்றேன். அவர் அசையவில்லை. அடுத்த திருவிழாவில் தண்ணீர்ப்பந்தல் எங்கே போடுவது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். கேட்டார். அவர்கள் காட்டிய மூலையில்தான் இப்போதும் போடுகிறார்கள்.

எப்போது இது வெறும் கூச்சம் இல்லை என்று எண்ண வேண்டும்?

முன்பு பேசிய பிள்ளை திடீரென்று அடங்கிப்போனால். குழுவில் மட்டுமில்லாமல் பள்ளிக்கூடத்திலும் கூட்டாளிகளோடும் ஒதுங்கினால். ஆட்களைச் சந்திக்க வேண்டும் என்றாலே வயிற்றுவலி, நடுக்கம், படபடப்பு என்று மாதக்கணக்கில் நீடித்தால். அந்த இடத்தில் புளியங்கொட்டையும் இருவர் பேச்சும் உதவாது. தனியாக, அவசரப்படுத்தாமல் விசாரியுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம். பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்கிறார்கள் என்ற சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள். சொல்ல வேண்டி வரலாம்.

எத்தனை நாளில் மாற்றம் தெரியும்?

சிலருக்கு இரண்டு கிழமை, சிலருக்கு ஒரு வருடம். ஒரு தங்கச்சி ஏழு மாதம் வந்தார், யன்னலோரத்தில் அதே கதிரை. மேலே எழுதிய எல்லாவற்றையும் செய்து பார்த்தோம். இருவராக இருக்கும்போது மெதுவாகப் பேசுவார், வட்டத்தில் சிரிப்பு மட்டும். சரி, சுபாவம்தான் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஏழாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேச்சு நடுவே கையைத் தூக்கினார். எல்லோரும் திரும்பினோம். "அண்ணா, அந்த யன்னலைச் சாத்தலாமா? நூறாம் நம்பர் பஸ் போற சத்தத்தில இங்க ஒண்டுமே கேக்கிறேல்ல. நான் வந்த நாளில இருந்து கேக்கிறேல்ல."

யன்னலுக்கு வெளியே காலி வீதி. நான் இருப்பது எப்போதும் மறுபக்கம், சுவரோரம். எழும்பிப் போய் அவருடைய கதிரையில் இருந்து பார்த்தேன். எதிரில் இருந்த தம்பி வாயசைப்பது தெரிந்தது, அவ்வளவுதான்.

இப்போது யன்னலைச் சாத்திவிட்டுத்தான் தொடங்குகிறோம். புழுக்கம் தாங்காது, ஒரு மின்விசிறி வாங்கக் காசு சேர்க்கிறோம். சத்தமில்லாத மின்விசிறியாகப் பார்த்து வாங்க வேண்டும் என்று அந்தத் தங்கச்சி இரண்டு தடவை சொல்லிவிட்டார்.